வாய் வைக்கக் கூடாத குழாய்

கண்ணில் படாமல் உழைப்பவற்றை மனிதர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஒரு வண்டியின் சக்கரத்தைப் பார்க்கிறோம், விளக்கைப் பார்க்கிறோம், பூச்சின் பளபளப்பைப் புகழ்கிறோம். டேங்கின் அடியிருளில் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்து, ஓயாமல் எரிபொருளை ஏற்றி அனுப்பும் பம்பை நினைப்பவர் யார்? நடுச்சாலையில் வண்டி நின்றுபோகும் நாளில்தான், 'அப்படி ஒன்று உள்ளே இருந்ததா?' என்று கேட்கிறோம்.

நாம் பணியாற்றும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் இவ்வாறு மறைந்திருந்து உழைக்கும் பொருள்களோடும், அவற்றைச் செய்யும் மனிதரோடும் அன்றாடம் பழகுகிறோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசானும், 2012-இல் டைம்லர் சரக்குந்துகளும், 2013-இல் ராயல் என்ஃபீல்டும் வந்தன. இவற்றைச் சூழ, ஒரு திருகையோ ஒரு வளையத்தையோ ஒரு குழாயையோ மட்டும் செய்து தரும் சிறு ஆலைகள் எண்ணிறந்தவை எழுந்தன. மண்ணூரில் டீசல் இயந்திரங்களுக்கான எரிபொருள் செலுத்தும் பம்புகளைச் செய்யும் ஆலை பல்லாண்டுகளாக அறியப்பட்டது. அதிகாலை ஐந்து மணிக்கெல்லாம் கம்பெனிப் பேருந்துகள் ஊர்தோறும் நின்று இளைஞரை ஏற்றிச் செல்லும். 'என்ன வேலை தம்பி?' என்று கேட்டால், 'பம்பு லைன்ல செக்கிங் ஃபாதர்' என்று விடை வரும். ஊர் அறியாத ஓர் உறுப்பை, ஊர் அறியாத ஒருவன் சோதித்து அனுப்புகிறான். முன்பின் அறியாத யாரோ ஒருவர் அதை நம்பி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு பயணம் செய்கிறார்.

இத்தகைய இளைஞர் மூவர் ஒரு ஞாயிறு மாலை நம்மிடம் ஒரு படகைத் தூக்கிக்கொண்டு வந்தனர். முழங்கை நீளத்திற்குச் சற்று மிகுந்த படகு. ரிமோட் கொண்டு நீரில் ஓட்டுவது. பொம்மைக் கடைப் படகுகளைப் போல மின்கலத்தால் ஓடுவதன்று. அதன் வயிற்றில் நெல்லிக்காய் அளவு சிலிண்டர் கொண்ட உண்மையான எஞ்சின் ஒன்று இருந்தது. நைட்ரோ என்று அதை அழைக்கின்றனர். மூவருள் ஒருவன் பாலிடெக்னிக்கில் படித்தபோது தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் இருந்தவன். அப்பிரிவின் அகில இந்தியப் போட்டிகளில் கப்பல் மாதிரி செய்தலும் ஒன்று என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அந்த ஆர்வம் வேலைக்கு வந்த பிறகும் அவனை விடவில்லை. பழகிய ஒருவரிடமிருந்து பழைய படகை வாங்கி, மூவரும் பங்கு போட்டுப் பழுது பார்த்திருந்தனர். அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: 'ஃபாதர், இதுக்கு நம்பி வாங்கற மாதிரி எந்தப் பம்பு நல்லது?'

நாம் இயந்திரவியல் கற்றவரல்லோம். ஆனால் ஒரு கேள்வி கலங்கலாக வரும்போது, முதலில் அதிலுள்ள சொற்களைப் பிரித்துப் பார் என்பது குருமடத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். ஒரே சொல் இரண்டு மூன்று பொருள்களைச் சுமந்து நிற்குமானால், பிரித்துரைக்காமல் விடை சொல்லக் கூடாது. 'பம்பு' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. அதைப் பிரித்தறிய, இந்தச் சிற்றியந்திரம் எப்படி வாழ்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. படித்தும், அந்த இளைஞரிடமே கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

இவ்வெஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் இல்லை. அதற்குப் பதிலாகப் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. குளோ பிளக் என்பர். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-இல் இதை மாதிரி விமானம் செய்வோரிடையே பரப்பினார். தொடங்கும்போது மட்டும் சிறு மின்கலத்தால் கம்பியைச் செந்நிறமாக்கினால் போதும். பின்னர் மின்கலத்தை எடுத்துவிட்டாலும் கம்பி அணையாது. மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொடும்போது அதன் மேற்பரப்பிலேயே வேதிவினை நிகழ்ந்து வெப்பம் தொடர்கிறது. தன்னைத் தொடும் எரிபொருளாலேயே தன் கனலைக் காத்துக்கொள்ளும் கம்பி அது.

அதன் எரிபொருளில் மூன்று பொருள்கள் உண்டு. பெரும்பகுதி மெத்தனால். அதனுடன் பொதுவாக 10 முதல் 30 விழுக்காடு வரை நைட்ரோமீத்தேன். மூன்றாவது, உயவுக்காகச் சேர்க்கப்படும் ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோ. தனக்கு வேண்டிய உயிர்வளியில் ஒரு பகுதியை அது தன் மூலக்கூற்றிலேயே சுமந்து வருவதே காரணம். எனவே அதே அளவு காற்றுக்குள் மிகுதியான எரிபொருளைப் புகுத்தி, மிகுதியான ஆற்றலைப் பெறலாம். அந்த நெல்லிக்காய் எஞ்சின் நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளுக்கு மேலும் சுழல்வது இவ்வாறுதான். ஆனால் அதன் தாகமும் அதற்கேற்பப் பெரிது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கார் எஞ்சினில் எண்ணெய் தனியே அடித்தொட்டியில் இருக்கிறது. பெட்ரோல் வரத்து நின்றால் கார் நிற்கும்; அவ்வளவே. இந்தச் சிற்றெஞ்சினிலோ எரிபொருளோடு கலந்துதான் எண்ணெய் வருகிறது. பம்போ குழாயோ தளர்ந்து எரிபொருள் குறைந்தால், அதே நொடியில் எண்ணெயும் குறைகிறது. எரிபொருள் குறைந்த கலவை மிகுந்த சூட்டோடு எரியும். ஆக, சூடு ஏறும் வேளையில்தான் குளிர்ச்சியும் வழுக்கலும் கைவிடுகின்றன. பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்ள நெடுநேரம் ஆகாது. அளவு தவறாத வரத்து என்பது இந்த எஞ்சினுக்கு வசதியன்று, உயிர்.

இப்போது பம்பு என்ற சொல்லைப் பிரிப்போம். முதலாவது, கேனிலிருந்து படகின் டேங்கிற்கு எரிபொருளை ஏற்றும் பம்பு. கையால் சுற்றுவது, அமுக்கிப் பிழிவது, மின்கலத்தால் ஓடுவது என இது பலவகை. இரண்டாவது, படகிற்குள் டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குத் தள்ளுவது. ஆனால் பெரும்பாலான நைட்ரோ படகுகளில் இதற்குத் தனிப் பம்பே இல்லை. சைலன்சரிலிருந்து ஒரு சிறு குழாய் டேங்கிற்குச் செல்கிறது. வெளியேறும் புகையின் அழுத்தமே டேங்கினுள் மெல்ல அழுத்தி எரிபொருளை அனுப்புகிறது. கழிவென்று வெளியேறுவதில் சிறிது திரும்பி வந்து பணிசெய்யும் எளிய ஏற்பாடு இது. மூன்றாவதுதான் உண்மையிலேயே எஞ்சினோடு இணைந்த பம்பு. கிராங்க் அறையில் மாறி மாறி எழும் அழுத்தத் துடிப்பாலோ எஞ்சினின் அதிர்வாலோ அசையும் சவ்வும் ஒருவழி வால்வும் கொண்டது. டேங்க் எஞ்சினுக்குத் தொலைவிலோ தாழ்விலோ இருக்கும்போதே இது தேவைப்படும்.

இளைஞர் கொணர்ந்த படகில் டேங்க் எஞ்சினுக்கு மிக அருகில், கார்புரேட்டரின் மட்டத்திற்குச் சரியாக இருந்தது. எனவே எஞ்சினோடு இணைந்த பம்பு அதற்கு வேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. இல்லாத உறுப்பு பழுதாவதில்லை. நல்ல பம்பு எது என்று கேட்பதற்கு முன், பம்பு வேண்டுமா என்று கேட்பது செலவையும் மிச்சப்படுத்தும், கவலையையும் மிச்சப்படுத்தும். சைலன்சர் குழாயில் ஓட்டையில்லாமல் பார்த்துக்கொள்வதும், ஒரு நல்ல வடிகட்டி வைப்பதும், டேங்கினுள் எடைகட்டிய உறிஞ்சுகுழாய் எப்பக்கம் சாய்ந்தாலும் எரிபொருளிலேயே கிடக்கிறதா என்று பார்ப்பதுமே போதுமானவை.

ஆனால் இளைஞர் மனம் எளிமையை எளிதில் ஏற்பதில்லை அன்றோ! மூவருள் இருசக்கர வண்டி ஆலையில் பணிபுரிபவன் வேறொரு யோசனை சொன்னான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் மோட்டார் சைக்கிள்களில் மின்சாரப் பம்பு வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் அத்தகைய பம்பு மலிவாகக் கிடைக்கும். அதையே கேனில் பொருத்திவிடலாம் என்றான். 'நம்ம ஊர்ல செஞ்ச பம்பு ஃபாதர், பத்து வருஷம் ஓடும்!' என்று பெருமையோடு சொன்னான்.

அந்தப் பெருமை நியாயமானது, யோசனை பொருந்தாதது. அப்பம்பு பெட்ரோலுக்காகப் பிறந்தது. அதன் மின்மோட்டார் பெட்ரோலில் மூழ்கியே சுழல்கிறது. பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது. பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாத நீர்மம் என்பதால் அதில் தீங்கில்லை. மெத்தனால் அப்படியன்று. பெட்ரோலைவிடப் பன்மடங்கு மின்கடத்தும். காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த மெத்தனால் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். ரப்பர் வளையங்கள் சில உப்பும், சில இறுகும். அழுத்தமும் பொருந்தாது. ஊசிமுனை போன்ற இன்ஜெக்டருக்காகச் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும் பம்பை, உள்ளங்கை அளவு டேங்கில் இணைத்தால் குழாய் பிய்த்துக்கொண்டு எரிபொருள் முகத்தில் தெறிக்கும். சிறந்த பம்பு வேறு. இதற்குச் சிறந்த பம்பு வேறு.

இதையொட்டி அவர்களுக்கு நாம் எடுத்துக்காட்டிய நிகழ்வு ஒன்றை வாசகரும் அறிந்திருத்தல் நலம். 2020-ஆம் ஆண்டு உலகெங்கும் பல இலட்சம் கார்கள் எரிபொருள் பம்புக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. டென்சோ நிறுவனத்தின் பம்புகளுக்குள் சுழலும் சிறு பிளாஸ்டிக் சுழலியே காரணம். அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்ட சுழலிகள் எரிபொருளை உறிஞ்சி உப்பி, உறையோடு உரசி, பம்பையே நிறுத்திவிடக்கூடும் என்று கண்டறியப்பட்டது. நம் நாட்டிலும் சுழலியின் குறைபாட்டிற்காக ஹோண்டா அவ்வாண்டு ஜூனில் 65,651 கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் மீண்டும் 90,000-க்கும் மேற்பட்ட கார்களை அழைத்தது. இந்தச் சுழலிகள் ஆலையை விட்டு வெளியேறிய நாளில் நன்றாகவே சுழன்றன. தாம் சுமந்த பொருளே நாளடைவில் தம்முள் ஊறி உருவைத் திரித்ததால்தான் நின்றன. முதல்நாள் ஓட்டத்தைக் கண்டு ஒன்றை நம்பகமானது என்று சொல்லிவிட முடியாது. சுமப்பதில் ஊறிய பின்னும் தன் அளவு மாறாதிருப்பதே நம்பகம்.

நமக்கும் இது தொலைவான செய்தியன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. எத்தனாலும் ஈரத்தை ஈர்க்கும் ஆல்ககாலே. அதற்குத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் தேர்வது ஆலைகளின் அன்றாடக் கவலையாகிவிட்டது. மூவருள் சோதனைப் பிரிவில் இருப்பவன் இதைக் கேட்டதும், 'அதனாலதான் எங்க லைன்ல ஊற வெச்சுப் பாக்கச் சொல்றாங்களா!' என்று வியந்தான். நாள்தோறும் தன் கை செய்துவந்த வேலையின் பொருளை ஒருவன் கண்டுகொள்ளும் வேளையில் அவன் முகத்தில் தோன்றும் ஒளி தனியழகுடையது.

இனி, இக்கட்டுரையை நாம் எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். 'சரி ஃபாதர், பம்பே வேணாம். கேன்ல டியூபை விட்டு வாயால ஒரு இழு இழுத்தா தானா இறங்கிடும்' என்றான் மூன்றாமவன். அவன் சொன்னதில் புதுமை எதுவுமில்லை. பெட்ரோல் தீர்ந்த வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து எடுப்போரும், வயல் எஞ்சினுக்கு டீசல் ஊற்றுவோரும், திருவிழாவில் ஜெனரேட்டர் ஓட்டுவோரும் நம் ஊர்களில் இதைத்தான் செய்கின்றனர். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கில் பட்டதும் துப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே வாயைக் கொப்பளிப்பர். பெட்ரோலும் டீசலும்கூட மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலைப் புண்ணாக்கும். ஆனால் இங்கே கேனில் இருப்பது மெத்தனால்.

மெத்தனால் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் இனி யாரும் மறக்க இயலாது. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், நமக்கு அண்மையிலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பாடைகள் கட்டப்பட்டதை நாடே கண்டது. அவர்கள் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். பார்வைக்கு அது நீரைப் போலத் தெளிவானது. மணமும் சாராயத்தைப் போன்றதே. உள்ளே சென்றபின் ஈரல் அதைப் பார்மால்டிஹைடாகவும், பின்னர் எறும்பின் கடியிலுள்ள பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் இரத்தத்தைக் கெடுத்துக் கண் நரம்பைத் தாக்குகிறது. சில வாய் அளவே பார்வையைப் பறிக்கவும் உயிரைப் பறிக்கவும் வல்லது. கொடுமை என்னவெனில், குடித்தவுடன் ஒன்றும் தெரிவதில்லை; பல மணி நேரம் கழித்தே கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு இரைக்கும். 'அப்பவே துப்பிட்டேனே' என்று படுத்துவிடுபவன் பொழுது விடிவதைக் காணாமற் போகலாம். வாய்க்குள் சென்றது தெரிந்தால் வலி வரும்வரை காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு விரைவதே வழி. காலத்தோடு தரும் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் பலரைக் காத்துள்ளன.

இதை நாம் சொல்லி முடித்தபோது மூவரும் பேசவில்லை. படகுக்காரனின் கையில் இருந்த ஒளி ஊடுருவும் குழாயை அவன் மெல்லக் கீழே வைத்தான். பம்பு வேண்டுமா என்ற கேள்விக்கு அப்போதுதான் முழுவிடை கிடைத்தது. படகினுள் பம்பு வேண்டியதில்லை. படகிற்கு வெளியே பம்பு இல்லாமல் முடியாது. கேனுக்கும் டேங்கிற்கும் இடையில் ஒரு பம்பு நிற்பது எஞ்சினுக்காக அன்று, மனிதனின் வாய்க்காக.

அடுத்து எழுந்தது எரிபொருள் வாங்கும் கேள்வி. 'எங்க கம்பெனிப் பக்கத்துல பெயிண்ட் யூனிட்ல பேரல் பேரலா இருக்கு. தெரிஞ்ச அண்ணன் ஒரு ரெண்டு லிட்டர் எடுத்துத் தருவாரு' என்றான் ஒருவன். திருடும் எண்ணமோ தீய எண்ணமோ அவனிடம் இல்லை. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் துயரத்தில் மக்கள் குடித்தது ஆலைகளுக்கென உரிய மெத்தனாலே என்று காவல்துறை அறிவித்தது. பேரலிலிருந்து ஏதோ ஒரு கை, ஏதோ ஒரு 'ரெண்டு லிட்டரை' எடுத்ததில்தான் அந்தப் பாதை தொடங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் விற்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024-இல் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் கடுமையாயின. மாதிரி எஞ்சின்களுக்கெனக் கலந்து, எண்ணெயும் நிறமும் சேர்த்து, பெயரெழுதி முத்திரையிட்டு வரும் எரிபொருளை முறையான கடையில் விலைச்சீட்டோடு வாங்குவதே நேர்வழி. கடைக்காரரிடம் அவரது உரிமத்தையும், வைத்திருப்பதற்கான விதியையும் கேட்பது குற்றமாகாது. அது கிடைக்கும்வரை படகு கரையில் இருக்கட்டும். படகுக்கு அவசரமில்லை.

ஆறு வாரங்கள் படகு கரையிலேயே இருந்தது. அந்த இடைவெளியில் அவர்கள் பம்பைத் தேடினர். எப்படித் தேர்ந்தனர் என்பதைப் பயன் கருதி முறையாகச் சொல்கிறோம்.

முதலாவதாக, எந்த எரிபொருளுக்கென அப்பம்பு செய்யப்பட்டது என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தனர். நைட்ரோ எரிபொருளுக்கான பம்பும் பெட்ரோலுக்கான பம்பும் வேறு வேறு. குழாயும் அப்படியே. சிலிகோன் குழாய் மெத்தனாலுக்கு வழக்கமானது. பெட்ரோலில் அது உப்பிக் கெடும். பெட்ரோல் குழாயை இங்கும், இக்குழாயை அங்கும் மாற்றலாகாது.

இரண்டாவதாக, மின்சாரப் பம்பை விலக்கிக் கையால் சுற்றும் பம்பையே தேர்ந்தனர். மோட்டாரில் எழும் சிறு பொறிக்கும் மெத்தனால் ஆவிக்கும் இடையே நட்பில்லை. மேலும் மெத்தனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழக் கண்ணுக்குப் புலப்படாது. தீப்பிடித்ததை அறியாமலே கையை நீட்டுவோர் உண்டு. கைப்பம்பில், சுற்றுவதை நிறுத்தினால் வரத்தும் நிற்கும். மனிதன் கவனம் இழந்தால் பம்பும் வேலை இழக்கிறது என்பது இங்கே நற்குணம்.

மூன்றாவதாக, இருதிசையிலும் சுற்ற முடிகிறதா என்று பார்த்தனர். ஓட்டி முடித்தபின் டேங்கில் எஞ்சியதைத் திரும்பக் கேனில் சேர்த்தாக வேண்டும். விட்டுவிட்டால் அது ஈரத்தை ஈர்த்து, எஞ்சினின் பேரிங்குகளைத் துருவேற்றும். திரும்ப எடுக்க வசதியில்லாத பம்பு, மிச்சத்தைத் தரையில் கொட்டத் தூண்டும்.

நான்காவதாக, ஊற வைத்தனர். இது சோதனைப் பிரிவுத் தம்பியின் வேலை. தகுதியான எரிபொருள் வந்து சேர்ந்ததும், புதிய பம்பால் ஓர் அளவுக் குவளை நிரம்ப எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்தான். பின்பு பம்பினுள் எரிபொருளை நிறுத்தி, மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்து, இரு வாரம் கழித்து மீண்டும் எண்ணினான். எண்ணிக்கை கூடியிருந்தால் உள்ளே ஏதோ உப்பியதாகவோ தேய்ந்ததாகவோ பொருள். கைப்பிடி இறுகியிருந்தாலும் அதுவே பொருள். முதலில் வாங்கிய பம்பு இத்தேர்வில் தோற்றது, கைப்பிடியே திரும்பவில்லை. இரண்டாவது பம்பு முதல்நாள் எண்ணிக்கையையே இரு வாரத்திற்குப் பின்னும் தந்தது. அது விலையில் உயர்ந்ததுமன்று, தோற்றத்தில் அழகியதுமன்று.

ஐந்தாவதாக, திருகைக் கழற்றி உள்ளே பார்க்க முடிகிறதா, வளையத்தை மாற்ற முடிகிறதா என்று பார்த்தனர். டீசல் பம்புகளில் சில மைக்ரான் இடைவெளியில் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்திய உலக்கையும் உறையும் உண்டு. ஒன்றின் இணையை இன்னொன்றோடு மாற்றவே முடியாது. அத்தகைய நுட்பம் அதற்குத் தேவை. கையால் சுற்றும் இந்த எளிய கருவிக்கோ, மாலை வேளையில் ஒரு திருப்புளியால் பழுது பார்க்க முடிவதே தகுதி.

எங்கே ஓட்டுவது என்பதையும் கலந்து பேசினோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி ஏரிகளின் நாடு. ஓர் ஏரியின் உபரி அடுத்த ஏரிக்குச் செல்லும். செம்பரம்பாக்கம் சென்னை மக்களின் குடிநீர். எஞ்சினின் புகையோடு எண்ணெய்த் துளியும் நீரில் படியும் ஆதலால், மக்கள் குடிக்கும் நீரிலும் ஆடுமாடுகள் இறங்கும் நீரிலும் ஓட்டுவதில்லை என்று அவர்களே முடிவு செய்தனர். செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளத்தில் தேங்கிய மழைநீரில், நிலத்துக்காரரின் அனுமதியோடு, ஆழமில்லாத பக்கமாக நின்று ஓட்டினர். படகு வளைந்து வளைந்து பாய்ந்தது. கரையில் நின்ற சிறுவர்கள் கூவினர். எரிபொருள் கேன் பூட்டிய பெட்டிக்குள், தண்ணீர்ப் பாட்டில்களுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. 'விஷம் – குடிக்காதே' என்று அதன்மேல் சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தனர். எழுத்தறியாதவருக்காக மண்டையோடு ஒன்றையும் வரைந்திருந்தனர்.

பின்னர் ஒரு நாள் நம் வளாகத்து ஜெனரேட்டர் அறையில் புதிதாய் ஒரு கைப்பம்பு ஆணியில் தொங்கக் கண்டோம். டீசலுக்கென்றே தனியாக வாங்கி, பெயரெழுதி மாட்டியிருந்தனர். யார் மாட்டியது என்று கேட்டதற்கு, 'இனிமே யாரும் வாய் வைக்க வேணாம்னுதான் ஃபாதர்' என்று விடை வந்ததேயன்றி, பெயர் வரவில்லை.

அன்பார்ந்த வாசகரே, உங்கள் வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் ஏதேனும் ஒரு குழாய் இப்படி வாய்க்காகக் காத்துக் கிடக்கலாம். ஒரு கைப்பம்பின் விலை பெரிதன்று. வெற்றுத் தண்ணீர்ப் பாட்டிலில் தின்னரையும் ஸ்பிரிட்டையும் ஊற்றிவைக்கும் வழக்கத்தை விடுவதற்கோ விலையே இல்லை. ஆலைகளிலிருந்து அந்த நீர்மம் இரண்டு லிட்டராய்க் கசியும் வழியை அடைப்பதற்கு வேண்டியது, 'நான் எடுத்துத் தரமாட்டேன்' என்று சொல்லும் ஒரே ஒரு தொழிலாளி. அவன் யாரென்று எந்தச் செய்தித்தாளும் எழுதாது. டேங்கின் இருளில் கிடக்கும் பம்பைப் போல, அவன் தன் அளவு மாறாமல் இருக்கும்வரை, ஒரு தெருவே தான் பிழைத்ததை அறியாமல் நிம்மதியாய் உறங்கும்.